மூச்சிழுப்பும் பூனைக்குட்டியும்

உங்கள் வீட்டில் பூனை உண்டா? நாய் உண்டா? இரண்டும் இல்லை என்றாலும், அடுத்த வீட்டுப் பூனை உங்கள் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காமல் இருந்திருக்காது. பிராணி வளரும் ஒரு வீட்டில் யாராவது ஒருவருக்குத் தும்மலும் கண்ணரிப்பும் மூச்சிழுப்பும் வரத் தொடங்கினால் என்ன செய்வது? பிராணியை விரட்டிவிடுவதா? நோயாளி பொறுத்துக்கொள்வதா? அல்லது இரண்டுக்கும் நடுவே வேறு வழி உண்டா?

இந்தக் கேள்வி என் வீட்டிலேயே எழுந்தது. நான் மருத்துவன் அல்லன். கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். ஆனால் விடை தேடிப் போனபோது, அதில் பாதி என் வகுப்புப் பாடத்திலேயே இருப்பதைக் கண்டேன். நீங்களும் அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ என்றாவது ஒரு நாள் பயன்படும்.

எங்கள் வீட்டு வழக்கு

எங்கள் வீட்டில் மணி என்றொரு நாய் பல ஆண்டுகளாக இருக்கிறது. வாசல் திண்ணையும் கொல்லைப்புறமும்தான் அதன் எல்லை. ஓர் ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்து ஒரு பூனைக்குட்டி வந்து சேர்ந்தது. ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகள் அதைத் துடைத்து, பால் வைத்து, சாம்பல் என்று பெயரும் வைத்துவிட்டாள். பூனைக்கு எல்லை ஏது? நாற்காலி, கட்டில், தலையணை எல்லாம் அதற்குச் சொந்தமாயின.

சில மாதங்களில் ஆறாம் வகுப்பு படிக்கும் என் மகனுக்கு இரவில் இருமல் வரத் தொடங்கியது. பிறகு நெஞ்சில் ஊதல் சத்தம். ஒரு நாள் நள்ளிரவில் அவன் எழுந்து உட்கார்ந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினான். அன்று ஆட்டோவில் மருத்துவமனைக்கு ஓடினோம்.

மறுநாள் வீட்டில் விசாரணை நடந்தது. "பூனை மயிர் உள்ளே போனால் இழுப்புத்தான். சாக்கில் போட்டுக் கட்டிச் சந்தைப்பேட்டையில் விட்டுட்டு வாடா" என்றார் என் தாயார். "நாய் வாடைதான் சார் காரணம்" என்றார் அடுத்த வீட்டுக்காரர். "சாம்பல் மேல பழி போடாதீங்க பாட்டி. அந்தப் பழைய பஞ்சு மெத்தையில இருக்கிற தூசிதான்" என்று அழுதாள் மகள். மூவரும் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள். சாட்சியை மட்டும் யாரும் விசாரிக்கவில்லை.

சாட்சியை விசாரித்தவர் மருத்துவர். பையனின் முன்கையில் வெவ்வேறு பொருள்களின் சாற்றைச் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொரு சொட்டின் வழியாகவும் ஊசி முனையால் தோலில் மிக லேசாகக் குத்தினார். கால் மணி நேரம் காத்திருந்தோம். ஒவ்வாத பொருள் எதுவோ அந்த இடத்தில் கொசுக்கடி போலத் தடிப்பு எழும். வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய சிற்றுண்ணியின் சாறு வைத்த இடத்தில் பெரிய தடிப்பு. பூனைச் சாறு வைத்த இடத்திலும் தடிப்பு. நாய்ச் சாறு வைத்த இடம் அப்படியே இருந்தது. ஆக, பாட்டி சொன்னதும் பாதி சரி. மகள் சொன்னதும் பாதி சரி. மணி நிரபராதி!

இதிலிருந்து முதல் பாடத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு எது ஒவ்வாது என்பதை ஊகித்துச் சொல்ல முடியாது. சோதித்தே அறிய வேண்டும். தோல் சோதனையோ இரத்தச் சோதனையோ செய்யாமல் பிராணியைத் தெருவில் விடுவது, விசாரணை இல்லாமல் தண்டனை கொடுப்பதற்குச் சமம்.

மயிரா குற்றவாளி?

பூனை மயிர் மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்வதால் இழுப்பு வருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மையன்று. குற்றவாளி மயிர் அல்ல. மயிரில் ஒட்டியிருக்கும் ஒரு புரதம்.

பூனையின் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலும் இப்புரதம் உண்டாகிறது. பூனையின் அறிவியல் பெயரிலிருந்து எழுத்துகளை எடுத்து இதற்கு ஃபெல் டி 1 என்று பெயரிட்டிருக்கிறார்கள். பூனை எந்நேரமும் தன் உடலை நக்கிக்கொண்டே இருக்கிறது அல்லவா? அப்போது உமிழ்நீர் மயிரெங்கும் பரவுகிறது. அது காய்ந்ததும் புரதம் படிந்த பொடியாக உதிர்கிறது. தோலிலிருந்து உதிரும் பொடுகுச் செதிளோடும் சேர்ந்து காற்றில் கலக்கிறது. விதை நீக்காத ஆண் பூனை இப்புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. விதை நீக்கியபின் அளவு குறைகிறது.

நாய்க்கு இப்படி ஒரே ஒரு முக்கியப் புரதம் இல்லை, பல உண்டு. உமிழ்நீரிலும் பொடுகிலும் இருக்கும் கேன் எஃப் 1 அவற்றுள் ஒன்று. கேன் எஃப் 5 என்பது வேடிக்கையானது. அது ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகிறது. ஆகவே அந்த ஒன்றுக்கு மட்டும் ஒவ்வாமை உள்ளவர் பெண் நாயோடு தொல்லையின்றி வாழக்கூடும்.

காவலாளி செய்யும் பிழை

இந்தப் புரதங்கள் நஞ்சு அல்ல. அப்படியானால் ஒருவருக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு?

நம் உடலில் நோய்க் கிருமிகளை எதிர்க்க ஒரு காவற்படை இருக்கிறது. சிலரது காவற்படை, தீங்கற்ற ஒரு பொருளைப் பகைவன் என்று தவறாக எண்ணிக்கொள்கிறது. இந்த மாறுபட்ட எதிர்வினைக்கு 1906இல் அலர்ஜி என்று பெயர் சூட்டியவர் வியன்னா நகரக் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே. நாம் அதை ஒவ்வாமை என்கிறோம்.

ஒவ்வாமை உடலில் எங்கே ஒளிந்திருக்கிறது? 1921இல் இரு மருத்துவர்கள் இதைத் தங்கள் உடம்பிலேயே சோதித்தனர். ஹைன்ஸ் க்யூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. கார்ல் பிராஸ்நிட்சுக்கு மீனால் தொல்லை இல்லை. க்யூஸ்ட்னரின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைப் பிராஸ்நிட்ஸ் தன் வயிற்றுத் தோலில் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியதும் தோல் தடித்துச் சிவந்தது. மீன் ஒவ்வாமை, இரத்தத்தில் உள்ள ஏதோ ஒரு பொருளின் வழியே ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு மாறிவிட்டது!

அந்தப் பொருள் எது என்று கண்டறிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆராய்ந்த ஜப்பானியத் தம்பதியர் கிமிஷிகே இஷிஸாகாவும் டெருகோ இஷிஸாகாவும் 1966இல் அதை அடையாளம் கண்டனர். ஸ்வீடனின் உப்சாலா நகரில் யோஹான்சன், பென்னிச் என்ற இருவரும் தனியே அதையே கண்டனர். 1968இல் அதற்கு இம்யூனோகுளோபுலின் இ என்று பெயர் முடிவாயிற்று. சுருக்கமாக ஐ.ஜி.இ. எனலாம். இது ஓர் எதிர்ப்பொருள்.

இது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். மூக்கு, கண், மூச்சுக்குழல் ஆகியவற்றின் உட்புறப் படலத்தில் மாஸ்ட் செல்கள் என்னும் செல்கள் இருக்கின்றன. அவற்றுள் ஹிஸ்டமின் முதலிய வேதிப்பொருள்கள் சிறு சிறு பைகளில் நிரம்பியிருக்கும். பூனைப் புரதத்துக்கென உண்டான ஐ.ஜி.இ. மூலக்கூறுகள் இந்தச் செல்களின் மேல் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பொறி வைத்தாயிற்று. அடுத்த முறை பூனைப் புரதம் உள்ளே வந்து, பக்கத்துப் பக்கத்து ஐ.ஜி.இ. மூலக்கூறுகள் இரண்டை ஒன்றாக இணைத்தவுடன் செல் தன் பைகளைக் கொட்டிவிடுகிறது. ஹிஸ்டமின் மூக்கில் பட்டால் தும்மலும் நீரும். கண்ணில் பட்டால் அரிப்பு. மூச்சுக்குழலில் ஹிஸ்டமினும் அதனோடு வெளிவரும் மற்றப் பொருள்களும் சேர்ந்து தசையை இறுக்கி, சவ்வை வீங்க வைக்கின்றன. வழி குறுகும்போது காற்று ஊதல் சத்தத்தோடு போகிறது. அதுவே மூச்சிழுப்பு.

துகள் எத்தனை நேரம் மிதக்கும்?

இப்போது பௌதிகத்துக்கு வருவோம். முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு சிட்டிகை ஆற்று மணலையும் மற்றொன்றில் ஒரு சிட்டிகை களிமண்ணையும் போட்டுக் கலக்குங்கள். மணல் சில விநாடிகளில் அடியில் படிந்துவிடும். களிமண் கலந்த தண்ணீரோ மறுநாள் பார்த்தாலும் முழுதும் தெளிந்திராது. இரண்டும் ஏறத்தாழ ஒரே அடர்த்தியுள்ள பொருள்கள்தாம். வேறுபாடு துகளின் பருமனில் இருக்கிறது.

காற்றிலும் இதுவே நடக்கிறது. ஒரு சிறு துகள் கீழே விழும்போது புவியீர்ப்பு அதை இழுக்கிறது. காற்றின் பாகுநிலை அதைத் தடுக்கிறது. விரைவில் இரண்டும் சமமாகி, துகள் ஒரே சீரான வேகத்தில் இறங்கத் தொடங்கும். இதற்கு முற்றுத் திசைவேகம் என்று பெயர். 1851இல் ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் தந்த விதிப்படி, இந்த வேகம் துகளின் விட்டத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் இருக்கும். விட்டம் பாதியானால் வேகம் கால் பங்காகும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகும்.

ஒரு மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தண்ணீரின் அடர்த்தியுள்ள துகள் ஒன்று, அசையாத காற்றில் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரத்தை நீங்களே கணக்கிடலாம். நான் கணக்கிட்டது இது:

விட்டம் 30 மைக்ரான்: விநாடிக்கு 27 மி.மீ.; ஏறத்தாழ 1 நிமிடம்.
விட்டம் 10 மைக்ரான்: விநாடிக்கு 3 மி.மீ.; ஏறத்தாழ 8 நிமிடம்.
விட்டம் 5 மைக்ரான்: விநாடிக்கு முக்கால் மி.மீ.; அரை மணிக்குச் சற்று மேல்.
விட்டம் 2 மைக்ரான்: விநாடிக்கு 0.12 மி.மீ.; ஏறத்தாழ மூன்றரை மணி.
விட்டம் 1 மைக்ரான்: விநாடிக்கு 0.03 மி.மீ.; ஏறத்தாழ 14 மணி.

வீட்டுக் காற்று அசையாமல் இருப்பதில்லை. மின்விசிறி சுழலும் அறையில் காற்று விநாடிக்கு ஒரு மீட்டர் கூட நகரும். விநாடிக்கு 0.12 மி.மீ. இறங்கும் துகள் அந்தக் காற்றில் தரையைத் தொடுவது எப்போது?

சிற்றுண்ணியின் ஒவ்வாப் பொருள் பெரும்பாலும் அதன் எச்சத்தில் இருக்கிறது. அந்த எச்ச உருண்டைகள் 10 மைக்ரானும் அதற்கு மேலும் இருக்கும். ஆகவே மெத்தையைத் தட்டினால் எழும்பிச் சில நிமிடங்களில் படிந்துவிடுகின்றன. பூனையின் புரதமோ பெரிய துகள்களில் மட்டுமின்றி, 5 மைக்ரானுக்கும் குறைவான நுண் துகள்களிலும் கணிசமான அளவில் இருக்கிறது. அவை மணிக்கணக்கில் மிதக்கின்றன. நாயின் புரதமும் இப்படியே. இதனால்தான் சிற்றுண்ணி ஒவ்வாமை உள்ளவர், படுக்கையில் கிடந்து பல மணி நேரம் கழிந்தபின் விடியற்காலையில் இருமுகிறார். அதற்குக் காரணம் அதுவென்று அவருக்கே தெரிவதில்லை. பூனை ஒவ்வாமை உள்ளவரோ பூனை இருக்கும் வீட்டுக்குள் நுழைந்த சில நிமிடங்களில் தும்முகிறார். நோயின் இந்த வேறுபாட்டை ஸ்டோக்ஸ் விதி விளக்கிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்களைப் பெரும்பாலும் மூக்கு பிடித்து நிறுத்திவிடுகிறது. 5 மைக்ரானுக்குக் குறைந்தவை மூச்சுக்குழலின் கிளைகள் வரை போய்விடுகின்றன. ஆகவே அதிக நேரம் மிதப்பவையே ஆழமாகவும் செல்கின்றன. மருத்துவர் தரும் இன்ஹேலரும் இதே வழியைத்தான் பயன்படுத்துகிறது. அதிலிருந்து வரும் மருந்துத் துகள்களில் 1 முதல் 5 மைக்ரான் வரை உள்ளவையே நுரையீரலுக்குச் சென்று பயன் தருகின்றன. பகைவன் வந்த பாதையிலேயே மருந்தும் போகிறது! மருந்து நேரே உரிய இடத்துக்குப் போவதால், மாத்திரையில் தேவைப்படுவதைவிட மிகக் குறைந்த அளவே போதும். இன்ஹேலர் பிடித்தால் அதுவே பழக்கமாகி விடும் என்னும் பேச்சை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

குழாயும் தொட்டியும்

ஒரு குழாய் தொட்டியை நிரப்புகிறது, ஒரு துளை காலி செய்கிறது என்று ஏழாம் வகுப்பில் கணக்குப் போட்டிருப்பீர்கள். நம் அறையும் ஒரு தொட்டிதான். பூனை என்பது குழாய். சன்னல் என்பது துளை. வரவும் செலவும் சமமாகும் மட்டத்தில் தொட்டியின் நீர் நிற்கும்.

மூன்று மீட்டர் அகலம், நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரமுள்ள அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கிறது. கதவு, சன்னல்களை அடைத்து வைத்தால் இரண்டு மணிக்கு ஒரு முறைதான் காற்று மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிரெதிர் சன்னல்களைத் திறந்து வைத்தால் மணிக்கு ஐந்து முறை மாறுகிறது என்போம். துளை பத்து மடங்கு பெரிதாகிவிட்டது. அதே பூனை அதே அறையில் இருந்தாலும் மிதக்கும் துகள் பத்தில் ஒரு பங்காகக் குறையும். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

ஆனால் இந்தத் தொட்டிக்கு அடியில் ஒரு வண்டலும் இருக்கிறது. மெத்தை, திரைச்சீலை, சோபா, சுவர் எல்லாவற்றிலும் படிந்த புரதம் ஒவ்வொரு அசைவிலும் மீண்டும் எழும்புகிறது. இதை மறந்ததால்தான் நான் ஒரு தவறு செய்தேன்.

தவறிப்போன என் சோதனை

கோடை விடுமுறையில் சாம்பலை என் அக்காள் வீட்டுக்கு ஒரு மாதம் அனுப்பி வைத்தோம். பையனின் இழுப்பு குறைந்தால் பூனைதான் காரணம், குறையாவிட்டால் இல்லை என்பது என் திட்டம். ஒரு மாதம் கழிந்தது. இழுப்பு அப்படியே இருந்தது. "பார்த்தீங்களாப்பா?" என்று மகள் சாம்பலைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நானும் சோதனை முடிந்தது என்று எண்ணிவிட்டேன்.

பிறகுதான் 1989இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வைப் படித்தேன். பூனையை அப்புறப்படுத்திய வீடுகளில் தூசியை எடுத்து அளந்திருக்கிறார்கள். பூனையே இல்லாத வீட்டின் அளவுக்குப் புரதம் குறைய, பெரும்பாலான வீடுகளில் 20 முதல் 24 வாரங்கள் ஆகியிருந்தன. குழாயை மூடிய நான், தொட்டி காலியாகும் வரை காத்திருக்கவில்லை! பௌதிகம் கற்பிப்பவன் வீட்டிலேயே இப்படி நடந்தது என்று மாணவர்களிடம் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஒரு சோதனை எதையும் காட்டவில்லை என்றால், காட்டும் அளவுக்கு அது நீண்டதா என்று முதலில் கேட்க வேண்டும்.

இப்புரதம் உடையிலும் ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறது. பூனை ஒருபோதும் நுழையாத பள்ளி வகுப்பறைகளிலும் இதைக் கண்டிருக்கிறார்கள். ஸ்டாக்ஹோம் நகரில் ஆராய்ந்தபோது, வீட்டில் பூனையில்லாத ஆஸ்துமாச் சிறுவர்களுக்குக் கூட, பூனை வளர்க்கும் மாணவர் அதிகம் உள்ள வகுப்பில் படித்தால் நோய் கூடுவது தெரிந்தது. ஆகவே உங்கள் நண்பன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தும்மினால் கேலி செய்யாதீர்கள்.

நாங்கள் செய்தவை

மருத்துவர் மருந்து தந்தார். அதோடு பீக் ஃப்ளோ மீட்டர் என்னும் சிறு குழாய்க் கருவி ஒன்றை வாங்கச் சொன்னார். மூச்சை நன்றாக இழுத்து, ஒரே வீச்சில் ஊதினால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் காற்று வெளிவருகிறது என்பதை முள் காட்டும். குழல் குறுகியிருந்தால் எண் குறையும். காலையிலும் மாலையிலும் தம்பியை ஊதச் சொல்லி எண்ணைக் குறிக்கும் பொறுப்பை என் மகள் ஏற்றுக்கொண்டாள். வரைபடத் தாள் ஒட்டிய ஒரு நோட்டுப் புத்தகம் தயாராயிற்று. முதல் வாரத்தில் எண் 210ஐ ஒட்டி ஏறி இறங்கியது.

பிறகு ஒவ்வொன்றாகச் செய்தோம்.

முதலாவது, படுக்கை அறையில் பூனைக்கு இரவும் பகலும் தடை. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கை நாம் அந்த அறையில் கழிக்கிறோம். ஓர் அறையையாவது தூய்மையாக வைத்தால், உடலுக்கு எட்டு மணி நேர ஓய்வு கிடைக்கும். தடை போட்ட நாளே மெத்தை, தலையணைகளை மாற்றினோம். பழைய மெத்தையை வைத்துக்கொண்டு பூனையை மட்டும் தடுத்திருந்தால் வண்டல் அப்படியே இருந்திருக்கும். நெருக்கமாக நெய்த உறைகளைப் போட்டோம். விரிப்புகளை வாரம் ஒரு முறை 60 டிகிரி சூட்டு வெந்நீரில் துவைக்கிறோம். அந்தச் சூட்டில் சிற்றுண்ணி சாகும். மெத்தையை வெயிலில் போடும் பாட்டியின் வழக்கமும் நல்லதே. காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழும் சிற்றுண்ணிக்கு உலர்ந்த சூடு ஆகாது.

இரண்டாவது, துடைப்பத்துக்குப் பதில் ஈரத் துணி. உலர்ந்த தரையைப் பெருக்கினால் படிந்த நுண்துகளை மீண்டும் மூன்று மணி நேரத்துக்கு மிதக்க விடுகிறோம். ஈரம் துகள்களை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துத் துணியோடு எடுத்துவிடுகிறது. கலங்கிய தண்ணீர்ப் பானையில் தேற்றாங்கொட்டையை உரைத்துவிடுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறீர்களா? களிமண் துகள்கள் திரண்டு பெரிதாகி விரைவில் படிந்துவிடும். இங்கும் அதே தத்துவம்தான்: துகளைப் பெரிதாக்கினால் அது மிதக்காது.

மூன்றாவது, சன்னல்களைத் திறந்து வைத்தோம். சன்னல் திறக்க முடியாத அடுக்கு மாடி வீடுகளில் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். அது 0.3 மைக்ரான் அளவுத் துகள்கள் 10,000 வந்தால் மூன்றை மட்டுமே வெளியே விடும். அது சல்லடை அல்ல. இழைகளால் ஆன ஒரு புதர். பெரிய துகள் தன் நிலைமத்தால் வளைய முடியாமல் இழையில் மோதும். மிகச் சிறிய துகள் பிரௌனியன் அசைவால் தள்ளாடிப் போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே தப்பிப்பது எளிதாக இருக்கும் அளவுதான் 0.3 மைக்ரான்; ஆகவேதான் அந்த அளவில் சோதிக்கிறார்கள். ஆனால் வடிகட்டி மிதப்பதைத்தான் பிடிக்கும். மெத்தையில் படிந்ததை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

நான்காவது, பூனையைத் தொட்டபின் கை கழுவாமல் யாரும் தம்பியின் அறைக்குள் போவதில்லை. மகள் மடியில் பூனையை வைத்திருந்தால் உடையும் மாற்றிக்கொள்கிறாள்.

குளிப்பாட்டினால் என்ன என்று கேட்பீர்கள். பூனையைக் குளிப்பாட்டினால் புரதம் குறைவது உண்மை. ஆனால் ஒரு வாரத்துக்குள் பழைய அளவு திரும்பிவிடுகிறது. குழாயைத் திறந்து வைத்து வாளியால் தொட்டியை இறைக்கும் வேலை இது. நாயை வாரம் இருமுறை குளிப்பாட்டினால் சற்றுப் பயன் உண்டு. ஒவ்வாமை தராத சாதி நாய் என்று அதிக விலைக்கு விற்பார்கள். 2011இலும் 2012இலும் வெளியான ஆய்வுகள், அத்தகைய நாய்கள் இருக்கும் வீடுகளிலும் கேன் எஃப் 1 புரதம் மற்ற வீடுகளைவிடக் குறைவாக இல்லை என்று காட்டின. மயிர் குறைவு என்பதால் புரதம் குறைவு ஆகாது. கோழிமுட்டையிலிருந்து பெறும் ஓர் எதிர்ப்பொருளைப் பூனையின் உணவில் கலந்து கொடுத்தால், உமிழ்நீரில் உள்ள புரதம் செயலிழக்கிறது என்று 2019இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. மயிரில் புரதம் சராசரியாகப் பாதியளவுக்குக் குறைந்தது. ஆய்வைச் செய்தது அவ்வுணவைத் தயாரிக்கும் நிறுவனமே என்பதையும் மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

காவற்படைக்கே பாடம் புகட்டவும் ஒரு முறை உண்டு. ஒவ்வாத பொருளை மிக மிகச் சிறிய அளவில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஊசியில் தருவது. புல்லின் மகரந்தத்தை வைத்து லண்டனில் லெனார்ட் நூன் இதை 1911இல் முதலில் செய்து காட்டினார். மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். இதைத் தேர்ந்த மருத்துவரிடம் மட்டுமே செய்துகொள்ள வேண்டும்.

யார் விட்டுக்கொடுப்பது?

இத்தனை செய்தும் நோய் அடங்காவிட்டால் என்ன செய்வது? அப்போது தயக்கத்துக்கு இடமில்லை. மூச்சு முதலில். பேச முடியாதபடி மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பூத்தாலோ, இன்ஹேலர் எடுத்தும் தணியாவிட்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அத்தகைய கடும் ஆஸ்துமா உள்ள வீட்டில் பிராணியை வேறு நல்ல வீட்டில் சேர்ப்பதே முறை. நல்ல வீட்டில் என்று சொன்னேன், சந்தைப்பேட்டையில் அன்று. வீட்டில் வளர்ந்த பிராணிக்குத் தெருவில் உணவு தேடத் தெரியாது. பட்டினி கிடக்கும்படி பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

எங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். இரண்டாம் மாதத்தில் எண் 240ஐத் தொட்டது. ஐந்தாம் மாதம் முதல் 270க்குக் கீழே அரிதாகத்தான் இறங்குகிறது. இது மருந்தாலா, மெத்தையாலா, பூனைக்குப் போட்ட தடையாலா? எல்லாவற்றையும் அடுத்தடுத்துச் செய்ததால் தனித்தனியே பிரித்துச் சொல்ல இந்த வரைபடத்தால் முடியாது. அதை என் மகளே கண்டு சொன்னாள். எனக்கு அதில் பெருமைதான்.

சாம்பல் இப்போது கூடத்திலும் கொல்லையிலும் வாழ்கிறது. படுக்கை அறைக் கதவு முன்னால் உட்கார்ந்து சில நாள் கத்திப் பார்த்தது. பிறகு மணியின் சாக்கில் இடம் பிடித்துக்கொண்டது. நோட்டின் முதல் பக்கத்தில் மருத்துவர் சொன்ன ஒரு வரியை மகள் தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறாள்: "எண் தொடர்ந்து ஒரு வாரம் 220க்குக் கீழே இருந்தால், சாம்பல் அத்தை வீட்டுக்குப் போகும்." இதுவரை அந்த வரியைப் பயன்படுத்த நேரவில்லை. ஆனாலும் தினமும் காலையில் தம்பி ஊதும்போது, முள் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்பவள் அவள்தான்.